நரி ஒரு ஜோடி மானிட்டர் வாங்கியது

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது. எந்தக் காடு என்று கேட்க வேண்டாம். சொன்னால் போய்ப் பார்க்கவா போகிறீர்கள்?

கதையில் வருகிற நரி என்றால் தந்திரசாலி என்று உங்களுக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். இதற்குத் தந்திரம் கிடையாது. நாலு குட்டி இருந்தது. நாலு குட்டி பிறந்தபின் தந்திரத்துக்கு எங்கே நேரம்? பெயர் மாசிலாமணி. மனைவி பெயர் காந்திமதி. ஓடைக்கரையில் ஒரு வளை தோண்டிக் குடியிருந்தார்கள். வெயில் காலத்தில் குளுகுளு என்றிருக்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வரும். போன ஐப்பசியில், முந்தின ஈற்றுக் குட்டி ஒன்றைத் தண்ணீர் கொண்டுபோயிற்று. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் பேசப் போவதில்லை.

புரட்டாசியில் காட்டு வானொலி நிலையம் மரத்துக்கு மரம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. தினமும் அந்தி சாயும் நேரத்தில் ஒலிபரப்ப ஒரு நரி ஊளை வேண்டும். பதிவு செய்து தரவேண்டும். தேர்வாகிற நரிக்குப் பாறைமேட்டில் இருக்கும் நிலையக் குகை குடியிருக்கக் கிடைக்கும். கடைசி நாள் ஐப்பசி ஒன்று.

நரிகள்தான் தினமும் அந்தியில் ஊளையிடுகின்றனவே, அதைப் பதிவு செய்து வேறு போடுவானேன் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

மாசிலாமணி அதைக் கேட்கவில்லை. பாறைமேடு என்ற ஒரு சொல்லைத்தான் படித்தது. அங்கே தண்ணீர் ஏறாது.

சுற்றுலா வந்த யாரோ விட்டுப்போன லேப்டாப் ஒன்று, மைக் ஒன்று. வளைக்குள்ளேயே ஊளையிட்டுப் பதிவு செய்தது. படிவத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போயிற்று.

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கரடி. அதுதான் அதிகாரி. படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தது.

"ஒன்பதாம் கட்டம் சரியில்லையே."

"என்ன கட்டம் ஐயா?"

"'எந்த ஸ்டூடியோ மானிட்டரில் கேட்டுச் சரிபார்த்தீர்?' என்ன எழுதியிருக்கீர்? 'இல்லை'னு எழுதியிருக்கீர். இல்லைன்னா எப்படி?"

"காதுல கேட்டேன் ஐயா. நல்லா இருந்துச்சு."

"காதுக்குக் கட்டம் இல்லையே ஓய்."

"ஊளை எப்படி இருக்குன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்."

"கேக்குறது வேற பிரிவு. அங்கே ஆள் போடல. அடுத்தது யாரு?"

மானிட்டர் என்றால் படம் தெரிகிற பெட்டி என்று சிலர் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இது வேறு. இது ஸ்பீக்கர். ஆம்ப்ளிபயரைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும். பதிவு செய்ததை உள்ளது உள்ளபடி கேட்பதற்கு. அவ்வளவு தெரிந்தால் போதும்.

காட்டில் அதை விற்கிற கடை ஒன்றுதான். பாறை இடுக்கில் கோதண்டம் என்ற முள்ளம்பன்றி வைத்திருந்தது. கோதண்டம் யோக்கியமான வியாபாரி. ஆகவே கடையில் கூட்டம் இல்லை.

"அண்ணே, முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்குங்க. வீட்டு ஸ்பீக்கர் இருக்கு பாருங்க, அது விருந்துக்கு வந்த மாப்பிள்ளைகிட்ட மாமியார் பேசுற மாதிரி பேசும். எல்லாம் அருமைன்னு சொல்லும். மானிட்டர் பங்காளி மாதிரி. குறையைத் தோண்டித் தோண்டி எடுத்து முன்னால வைக்கும்."

"பங்காளியக் காசு கொடுத்து வாங்கணுமா?"

"தொழில்னா அப்படித்தான். உங்க இடம் எவ்வளவு பெருசு?"

"நான் நீட்டிப் படுத்தா வால் வெளியே கிடக்கும்."

"அப்ப கூம்பு மூணு அங்குலம், இல்லைன்னா அஞ்சு. எட்டு மட்டும் கண்டிப்பா வேண்டாம். சின்ன இடத்துல எட்டு வச்சா 'பாஸ்'னு சொல்ற அடிச்சத்தம் சுவர்ல முட்டி முட்டி நின்னுக்கும். ஒண்ணும் விளங்காது."

"போட்டுக் காட்டு. என் காது சொல்லட்டும்."

கோதண்டம் மூன்று அங்குல ஜோடியில் மாசிலாமணியின் பதிவைப் போட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நரி ஊளையிட்டால் அதைக் கேட்கிற நரி சும்மா இருக்காது. கூட ஊளையிடும். இருக்க முடியாது. கொட்டாவி மாதிரி. அப்பனுக்கு அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். தான் ஊளையிடுகிறோம் என்பதுகூட அதற்குத் தெரியாது.

பதிவிலிருந்து 'ஊ' என்று வந்தது. மாசிலாமணி கழுத்தை நிமிர்த்தி 'ஊ' என்றது. பதிவு முடியும்வரை விடவில்லை.

"அடேங்கப்பா! என்னா சத்தம்! மூணு அங்குலமா இது?"

"அண்ணே, அது நீங்க."

"நானா? நான் வாயே திறக்கலையே."

கோதண்டத்தின் முதுகில் முட்கள் லேசாக எழுந்தன. ஐந்து அங்குலத்தைப் போட்டது. மறுபடியும் அதே கூத்து.

"இதுவும் பிரமாதம். ஆனா அதைவிடக் கொஞ்சம் உருக்கம்."

"உருக்கம் உங்க தொண்டையில இருக்கு அண்ணே. ஸ்பீக்கர்ல இல்ல. வாயை மூடிட்டுக் கேளுங்க."

"மூடிட்டுத்தானே கேக்குறேன்!"

எட்டு அங்குலத்தைப் போட்டது. கடைக்கு வெளியே போய்க்கொண்டிருந்த மூன்று நரிகள் நின்றன. அவையும் சேர்ந்து ஊளையிட்டன. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. மாசிலாமணியின் கண்ணில் தண்ணீர்.

"கேட்டியா? மலையே எதிரொலிக்குது. எட்டுதான் எனக்கு."

கோதண்டத்தின் முட்கள் எல்லாம் நட்டுக்கொண்டு நின்றன. "எட்டு வேண்டாம்னு சொன்னேன்" என்றது. "உங்க வளைக்கு ஆகாதுன்னு சொன்னேன்."

"நீ சொன்னே. என் காது வேற சொல்லுது."

தன் காதை நம்புகிறவனிடம் யார் பேசுவது? பாறையோர இலந்தைப் புதரில் நரிக்கு இருந்த பாத்தியதையைக் கோதண்டம் எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு பெட்டிகளையும் கட்டிக்கொடுத்தது. கூடவே வழக்கமான புத்திமதி. இரண்டு பெட்டியும் உங்கள் தலையும் சேர்ந்து சரியான முக்கோணமாக இருக்க வேண்டும். காது உயரத்தில் வைக்க வேண்டும். முதுகில் ஓட்டை இருக்கிறது, சுவரோடு ஒட்டி வைத்தால் உறுமும். கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறினால்தான் உண்மை பேசும், அடிக்கடி அணைக்காதீர்கள்.

மாசிலாமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டியது.

பெட்டிகள் வளைக்குள் நுழையவில்லை. வாசலைத் தோண்டிப் பெரிதாக்கினார்கள். கரண்டுக்கு, யானைக்காகக் காட்டோரம் போட்டிருந்த சோலார் வேலியில் கொக்கி. அந்த வேலியை யானையைத் தவிர எல்லாரும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

"இது எதுக்குங்க?" என்று காந்திமதி கேட்டது.

"குகைக்கு."

"குகையில வைக்கவா?"

"குகை கிடைக்கிறதுக்கு."

காந்திமதி இரண்டு பெட்டிகளையும் பார்த்தது. மிச்சமிருந்த இடத்தைப் பார்த்தது. "அப்ப நாங்க?" என்றது.

அதற்கும் மாசிலாமணியிடம் வழி இருந்தது. மூலைகளில் சத்தம் தேங்குகிறதாம். மெத்தென்று எதையாவது வைத்தால் உறிஞ்சிக்கொள்ளுமாம். ஒரு மயில் வீடியோவில் சொல்லியிருந்தது.

"மயிலுக்கு ஊளையைப் பத்தி என்ன தெரியும்?"

"தோகை இருக்கு. பார்த்தாலே ஒரு நம்பிக்கை வருது."

நாலு மூலையிலும் நாலு குட்டிகள் படுக்கவைக்கப்பட்டன. மெத்தென்றுதான் இருந்தன. கடைக்குட்டி மட்டும் மூலையில் தங்கவில்லை. போய்ப் போய் ஸ்பீக்கரின் முதுகு ஓட்டையில் தலையை விட்டது. ஒரு தடவை மாட்டிக்கொண்டு கத்தியது. காந்திமதி வேலம்பிசினையும் மரநாரையும் மென்று இரண்டு ஓட்டைகளையும் அடைத்துவிட்டது. மாசிலாமணி குதித்தது.

"அடிச்சத்தம் அங்கேதான் வருது! அதைப் போய் அடைச்சிட்டியே!"

"குட்டி தலையும் அங்கேதான் போகுது."

கடைக்குட்டி பிறகு ஸ்பீக்கரின் தலைமேல் ஏறிப் படுத்துக்கொண்டது. பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. அங்கேயே தூங்கப் பழகிவிட்டது.

மறுநாள் காலை பதிவைப் போட்டார்கள். 'ஊ' என்று வந்தது. மாசிலாமணியும் 'ஊ'. குட்டிகளும் 'கீ'. அக்கரை நரிகளும் 'ஊ'. இரண்டாம் தடவை போட்டது. அதே. மூன்றாம் தடவையும் அதே.

"எப்படி இருக்கு?" என்றது மாசிலாமணி, மூச்சு வாங்க.

காந்திமதி வாயில் கவ்வியிருந்த குட்டியைக் கீழே வைத்தது. "அடியில என்னமோ ஓடுதுங்க. கொளகொளன்னு."

"எனக்குக் கேக்கலையே."

"உங்களுக்கு எப்படிக் கேக்கும்? கூடக் கூடக் கத்துறீங்க. என் வாயில குட்டி இருந்துச்சு. அதனால நான் கத்தல. எனக்குக் கேட்டுச்சு."

"நான் கத்தலையே!"

காந்திமதி வெளியே போய்க் கையில் கிடைத்த கொடியை இழுத்து வந்து புருஷன் மூஞ்சியைச் சுற்றிக் கட்டியது. கிடைத்தது பிரண்டைக் கொடி. வாய் அரித்தது. கவனம் கூடியது. பதிவைப் போட்டார்கள்.

முதல்முறையாக மாசிலாமணி தன் ஊளையைக் கேட்டது.

ஒல்லியான ஊளை. நடுவில் ஓர் இருமல். கடைசியில் தூரத்தில் காந்திமதியின் குரல்: "போதும், சாப்பிட வாங்க." இதெல்லாவற்றுக்கும் அடியில், விடாமல், ஒரு கொளகொளப்பு.

பங்காளி உண்மையைச் சொல்லிவிட்டான்.

மாசிலாமணி கட்டை அவிழ்த்தது. கதையாக இருந்தால் இந்த இடத்தில் நரி திருந்த வேண்டும்.

"தண்ணிங்க" என்றது காந்திமதி. "மேல மழை பெய்யுது போல. பதிவு பண்ணினப்பவே தரைக்கு அடியில ஓடை அரிச்சிட்டு இருந்திருக்கு. இன்னைக்கே குட்டிகளைத் தூக்கிடலாம்."

"தண்ணி இல்ல. அது கரண்ட்ல வர்ற உறுமல். ஐம்பது ஹெர்ட்ஸ்."

"என்னது?"

"மயில் சொல்லியிருக்கு. எல்லார் வீட்டுப் பதிவுலயும் இருக்குமாம். வெட்டி எடுத்துட்டாப் போச்சு."

உட்கார்ந்து வெட்டியது. இருமலை வெட்டியது. காந்திமதியை வெட்டியது. கடைசியாகக் கொளகொளப்பை வெட்டியது. பதிவு துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி ஆயிற்று.

"பாத்தியா? சுத்தம்."

"அந்தச் சத்தத்தை எடுத்துட்டா தண்ணி போயிடுமா?"

"பதிவுல போயிடுச்சு."

"குட்டிங்க பதிவுலயா படுத்திருக்கு?"

மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. "இந்தா பாரு, நாளைக்குக் கடைசி நாள். நாளைக்குக் காலைல கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்னா பாறைமேட்டுக்கே போயிடலாம். இன்னைக்கு ஒரு நாள் யாரும் அசையக் கூடாது. மூலை காலியானாச் சத்தம் மாறிடும். ஸ்பீக்கரை நகர்த்தினா முக்கோணம் கெட்டுடும்."

அதுவும் குட்டிகளுக்காகத்தான் சொன்னது. அதுதான் வேடிக்கை.

மறுநாள் காலை படிவத்தையும் பென் டிரைவையும் கவ்விக்கொண்டு ஓடியது. ஸ்பீக்கரை அணைக்கவில்லை. அணைக்காதே என்று கோதண்டம் சொல்லியிருந்ததே. கொடுத்த புத்திமதியில் அந்த ஒன்றைத்தான் அது முழுசாகக் கேட்டது.

நிலையத்தில் வரிசை. முன்னால் ஒரு மான். அதற்குக் கொம்பு உதிர்ந்துவிட்டது, அடையாள அட்டைப் படத்தில் கொம்பு இருக்கிறது. அந்தப் படத்தில் இருப்பது தான்தான் என்று சான்றிதழ் வேண்டும். கரடி, முதலில் கொம்போடு வரச் சொல்லிக்கொண்டிருந்தது. மத்தியானம் ஆயிற்று. மழை பிடித்தது.

கடைசியில் நரியின் முறை.

"மானிட்டர்?"

"இருக்கு ஐயா. எட்டு அங்குலம்."

"எத்தனை?"

"ரெண்டு."

"முக்கோணம் எத்தனை வால் அளவு?"

"பக்கத்துக்கு ரெண்டு வால்."

கரடி முத்திரையை ஓங்கிக் குத்தியது. "போம்."

"பதிவை ஒரு தடவை..."

"ஓய், மழை வருது. வீட்டுக்குப் போம்."

போயிற்று. வீடு இல்லை.

கரை இடிந்து உட்கார்ந்திருந்தது. வளை இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் சுழன்றது. மேட்டில் காந்திமதி நின்றது. காலடியில் குட்டிகள். மாசிலாமணி எண்ணியது. மூன்று. மறுபடி எண்ணியது. மூன்று.

"ஒரு தடவைக்கு ஒண்ணுதான் வாயில தூக்க முடியும்" என்றது காந்திமதி. "மூணு தடவை போயிட்டு வந்தேன். நாலாவதுக்குத் திரும்பினேன். இடிஞ்சிடுச்சு."

மாசிலாமணி அதற்குப் பிறகு ஸ்பீக்கர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அளவுக்கு அது நல்ல நரி.

கழுத்தை நிமிர்த்தி ஊளையிட்டது. யாரும் எதையும் போட்டுக் காட்டவில்லை, தானாக வந்தது. காந்திமதியும் சேர்ந்தது. வாயில் குட்டி இல்லையே. மூன்று குட்டிகளும் சேர்ந்தன. மழைக்குமேல் போயிற்று அந்தச் சத்தம். மாசிலாமணி வாழ்நாளில் போட்ட ஊளைகளில் உருப்படியான ஊளை அது ஒன்றுதான். பதிவு செய்ய மைக் இல்லை. அது தண்ணீரோடு போய்விட்டது.

ஊளையை நிறுத்தி மூச்சு வாங்கினார்கள்.

ஓடை திரும்புகிற இடத்திலிருந்து 'கீ' என்று ஒரு சத்தம் வந்தது.

காந்திமதிதான் முதலில் ஓடியது. வளைவில், நாணல் புதரில் தட்டி நின்றுகொண்டிருந்தது எட்டு அங்குல மானிட்டர் ஒன்று. மல்லாந்து மிதந்தது. காந்திமதி பிசின் வைத்து அடைத்த ஓட்டையில் தண்ணீர் இன்னும் இறங்கவில்லை. கரண்டும் இல்லை. வேலிக் கொக்கி முதல் தண்ணீரிலேயே கழன்றுவிட்டது, கொக்கிக்கு அவ்வளவுதான் பிடிப்பு. பெட்டிமேல் கடைக்குட்டி. நனைந்த பஞ்சு மாதிரி இருந்தது. எங்கிருந்தோ ஊளை கேட்கிறது, கூட ஊளையிடாமல் இருக்க முடியவில்லை. அதற்கும் அப்பனுக்கு அப்பன் காலத்து வியாதி.

காந்திமதி அதைக் கவ்வி எடுத்தது. அதன் பிறகு வெகுநேரம் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் தேர்வு முடிவு ஒட்டினார்கள். மொத்தம் பதினோரு விண்ணப்பம். ஒன்பதாம் கட்டத்தை நிரப்பியது ஒன்றுதான். மாசிலாமணி குடும்பம் பாறைமேட்டுக் குகைக்குப் போயிற்று. நனையாத தரை. நாலு மூலையும் காலி.

முதல் ஒலிபரப்பு அன்று அந்தியில். காடே காத்திருந்தது. கம்பத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரிலிருந்து 'ஊ' என்று வந்தது. அவ்வளவுதான். காட்டில் இருந்த அத்தனை நரிகளும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்துவிட்டன. மாசிலாமணியும்தான். பதிவு எப்படி இருந்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. எல்லாரும் அருமை என்றார்கள்.

மறுநாள் கோதண்டம் குகைக்கு வந்தது. நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தது. ஆனாலும் யோக்கியன், சும்மா போக முடியவில்லை.

"இருந்தாலும் அண்ணே, அன்னைக்கு எட்டு வேண்டாம்னு நான் சொன்னது சொன்னதுதான். சத்தத்துக்கு அஞ்சுதான் சரி."

"சரிதான் கோதண்டம்" என்றது மாசிலாமணி. "நான் கத்தினேன்னும் நீதான் சொன்னே. அதுவும் சரிதான். ஆனா அஞ்சு வாங்கியிருந்தா அது மேல இவன் நின்னிருப்பானா?"

கடைக்குட்டி கோதண்டத்தின் வாலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. கோதண்டம் அதைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தது. மனசுக்குள் ஏதோ அளந்தது. முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. கடைக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு மானிட்டர் வாங்க யார் போனாலும் கோதண்டம் எதையும் போட்டுக் காட்டுவதில்லை. அறை எவ்வளவு பெரிசு என்றும் கேட்பதில்லை. ஒரே கேள்விதான்.

"உங்க குட்டி எத்தனை அங்குலம்?"

கடையில் இப்போது நல்ல கூட்டம்.

நீதி: ஸ்பீக்கர் வாங்கும்போது சத்தத்தைக் கேட்டு ஏமாறாதே, வெள்ளத்தில் மிதக்குமா என்று மட்டும் பார்த்து வாங்கு.